கட்டைவிரல் அளவு இடம்

இரண்டு நீளம், ஒரு குட்டை என்று மணி அடித்தால் அது ஹல்டா வீட்டுக்கு. மூன்று குட்டை என்றால் எங்களுக்கு. எங்கள் ஊரான டாரோவில் அப்போது பதினோரு வீடுகளுக்கும் சேர்த்து ஒரே தொலைபேசிக் கம்பிதான். யாருக்கு அழைப்பு வந்தாலும் பதினோரு வீட்டிலும் மணி அடிக்கும்; அடிக்கிற விதத்தை வைத்துத் தெரிந்துகொண்டு அவரவர் மட்டும் எடுக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை மதித்த ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. மணி அடித்தால் கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக 'க்ளிக்' கேட்கும். பேச மாட்டார்கள், மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். ஆனாலும் யார் என்று தெரிந்துவிடும். ஏமஸ் டில்லின் கடை என்றால் அவருடைய கூண்டுக் குருவி கத்தும். பாதிரியார் மனைவிக்கு வருஷம் முழுக்க மூக்கடைப்பு. எங்கள் வீட்டில் கடிகாரம்.

கல்யாணத்துக்கு வந்த சுவர்க் கடிகாரம் அது. வயிற்றில் தட்டு மாதிரி ஒரு பித்தளைப் பெண்டுலம் ஆடும். சத்தம் தெருவரை கேட்கும். அதனால் ஒட்டுக்கேட்கப் போகும் முன் கண்ணாடிக் கதவைத் திறந்து பெண்டுலத்தை விரலால் பிடித்து நிறுத்திவிடுவேன். கேட்டு முடித்ததும் ஒரு தட்டு. நான் கேட்ட நேரமெல்லாம் கடிகாரத்தில் குறையும். சனிக்கிழமை தோறும் என் கணவன் ஓரின் தன் பைக்கடிகாரத்தைப் பார்த்து முள்ளைத் திருப்பி வைப்பான்.

"ஒரு மணி பத்து நிமிஷம் பின்னாடி நிக்குது. இந்த வாரம் ஊர்ல விசேஷம் ஜாஸ்தியோ?" என்பான். வேறு ஒன்றும் சொல்ல மாட்டான்.

எனக்குப் பிறவியிலேயே சந்தேக புத்தி. முட்டை வாங்க வருகிறவன் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போனால் அன்றைக்கு எனக்குத் தூக்கம் வராது. ஊரில் பலருக்கும் இதே குணம்தான், ஆனால் அவர்கள் அதற்கு முன்யோசனை என்று பெயர் வைத்திருந்தார்கள். அதனால் அந்த வருஷம் மே மாதம் ஒரு புத்தம் புதிய ஹாலிஸ்டர் காரில் கறுப்புத் தொப்பி போட்ட ஒருவர் வந்து, தெரு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எங்கள் வீடுகளைப் பார்த்து நோட்டில் எதையோ கிறுக்கியபோது, நாங்கள் யாரும் போய் "வாங்க" என்று சொல்லவில்லை. வரி போடுகிறவர் என்றார் பாதிரியார். இடிதாங்கிக் கம்பி விற்கிறவன், புகைபோக்கியை எண்ணுகிறான் பார், என்றார் ஏமஸ்.

அவர் பெயர் பென்ரோஸ். படம் வரைகிறவர். அவருடைய கார் ஊருக்கு வரும்போதே மேற்குப் பள்ளத்தில் அச்சுவரை புதைந்துபோனது. மழை பெய்தால் அந்தப் பள்ளத்துக் கறுப்பு மண் பசை மாதிரி ஆகிவிடும். ஓரின் ஏமஸிடம் கோவேறு கழுதைகளைக் கடன் வாங்கிக்கொண்டு போய் முழங்கால் சேற்றில் நின்று காரை இழுத்து வெளியே போட்டான். கடன் வாங்க வேண்டியிருந்தது ஏனென்றால் எங்களிடம் இருந்த இரண்டு குதிரைகளை அந்த வசந்தத்தில்தான் விற்றிருந்தோம். அவை என் அப்பா எனக்குக் கொடுத்த குதிரைகள். ஓரின் கொல்லன். "இனிமே லாடம் அடிச்சு என்ன ஆகப்போகுது இடெல்லா, எல்லாம் டயர்தான்" என்று சொல்லிச் சொல்லி என்னைச் சம்மதிக்க வைத்து, குதிரை விற்ற காசில் பட்டறையை கராஜ் ஆக்கி, வாசலில் பள்ளம் தோண்டித் தொட்டி இறக்கி, கையால் சுற்றுகிற ஒரு சிவப்பு பெட்ரோல் பம்பை நட்டுவைத்திருந்தான். ஊரில் கார் வைத்திருந்தது டாக்டர் ஒருவர்தான். அவரும் அதற்கு முந்தின கோடையில் செத்துப்போனார். ஆக எங்கள் பம்பு தெருவில் போகிற கார்களை நம்பி நின்றது. தெருவில் கார்கள் போகவில்லை.

பென்ரோஸ் ஹல்டாவின் சாப்பாட்டுக் கடை மாடியில் தங்கினார். ஹல்டா எனக்கு எதிர்வீடு. விதவை. வாய் நிறையச் சிரிப்பாள், கை நிறைய மாவு. பதினெட்டு வருஷமாக இலையுதிர் காலத்தில் இருவரும் ஒரே கொப்பரையில் சோப்பு காய்ச்சியிருக்கிறோம். என் வீட்டுக்குள் அவள் கதவைத் தட்டிவிட்டு வந்ததே இல்லை.

இரண்டாம் நாள் மதியம் பென்ரோஸ் அவளுடைய சாப்பாட்டு மேசையில் அந்தப் பெரிய தாளை விரித்தார். சேதி கேட்டு ஊரே வந்து சுற்றி நின்றது. கிழக்கே பெரிய ஆறு, மேற்கே இன்னொரு பெரிய ஆறு, நடுவில் எங்கள் அயோவா மாநிலம் முழுக்க மேலிருந்து பறவை பார்ப்பதுபோல. ஆற்றில் ஒரு மீன் சுருட்டுப் பிடித்தது. சோளக் கதிருக்கு முகம் இருந்தது. மார்பெரி நகரத்துப் பக்கத்தில் ஒரு பசுமாடு மூக்குக்கண்ணாடி போட்டுப் பத்திரிகை படித்தது.

"மேப்புன்னா கோடுதானே இருக்கணும்? இதுல மாடு கண்ணாடி போட்டிருக்கு," என்றார் ஏமஸ், மாட்டின் மேலேயே சந்தேகப்பட்டு.

"கோடு போட்ட மேப்ப யாராவது சுவத்துல மாட்டுவாங்களா?" என்றார் பென்ரோஸ். "மாடு கண்ணாடி போட்டிருந்தா மாட்டுவாங்க. மாட்டினா தினம் பாப்பாங்க. தினம் பாத்தா ஒருநாள் கார் வாங்குவாங்க. ஹாலிஸ்டர் கம்பெனி வாரப் பத்திரிகையில நடுப்பக்கம் ரெண்டையும் எடுத்திருக்கு. செப்டம்பர்ல வரும்."

"அப்ப எங்க ஊர் எங்க?" என்றான் ஓரின்.

அவர் கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தாளில் வெற்றாக இருந்த ஓர் இடத்தில் வைத்தார். "இதோ. ஒரு ஊருக்கு ஒரு கட்டைவிரல். அதுக்குள்ள ஒரு படம்தான் போட முடியும். ரெண்டு போட்டா ரெண்டும் தெரியாது."

எல்லோரும் அந்த விரலையே பார்த்தோம். ஒரே ஒரு படம். தேவாலயமா, ஏமஸின் கடையா, ஹல்டாவின் சாப்பாட்டுக் கடையா, எங்கள் கராஜா. அதற்கப்புறம் அந்த அறையில் யாரும் யார் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை.

பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து கத்தரித்த ஒரு காகித காரை எடுத்தார். உள்ளங்கை அகலம். பளபளவென்ற பச்சை ஹாலிஸ்டர், உள்ளே தொப்பி போட்ட ஒரு குடும்பம். "இது கம்பெனி குடுத்த அளவு. சின்னதாக்கக் கூடாது, ஓரத்துல ஒதுக்கக் கூடாது. விளம்பரமே இதுக்குத்தானே. எங்கயாவது உட்கார வெச்சாகணும்." காரைத் தாளின் மேல் நகர்த்திக்கொண்டே போனார். மார்பெரிக்கு ஆற்றிலிருந்து இரண்டு சாலைகள் உண்டு. வடக்குச் சாலை எங்கள் ஊர் வழியாக, தெற்குச் சாலை கெல்சி வழியாக. கார் தெற்கே இறங்கி கெல்சியின் மேல் உட்கார்ந்தது. ஊர் மறைந்தே போனது.

"ரோடு எந்தப் பக்கமா போடுவீங்க?" என்று நான் கேட்டேன்.

"கார் உட்காராத பக்கம்."

"கெல்சில பாக்கறதுக்கு என்ன இருக்கு, பன்னிதான்," என்றார் ஏமஸ். எல்லோரும் சிரித்தோம். கெல்சியிலும் பெட்ரோல் பம்ப் வைத்திருந்தார்கள். எனக்கு அந்தக் காகித காரை முத்தமிடலாம் போல இருந்தது.

ஆனால் சாலை வடக்கே வந்தால் மட்டும் போதாது என்று வீட்டுக்கு வந்ததும் தோன்றியது. கட்டைவிரலுக்குள் பம்ப் இருந்தால்தான் கார்க்காரன் இங்கே நிற்பான். சாப்பாட்டுக் கடையின் படம் இருந்தால் கோழி வறுவல் தின்றுவிட்டு, பெட்ரோலை மார்பெரியில் போட்டுக்கொள்வான். ஜன்னல் திரையை விலக்கி எதிர்வீட்டைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போடுகிற கழுத்துப்பட்டியை ஹல்டா வேலைநாளில் போட்டிருந்தாள். கடைப் பலகைக்குப் புது வண்ணம் பூசியிருந்தாள். மறுநாள் காலை வெயிலில் ஒரு நாற்காலி போட்டு பென்ரோஸை உட்காரவைத்து, அவர் முன்னால் ஒரு முழு ஆப்பிள் கேக்கை வைத்தாள். ஒரு துண்டு இல்லை, முழுக் கேக். நான் அவருக்குக் கொடுத்ததெல்லாம் ஒரு தம்ளர் மோர்.

"அவளோட கடையில தங்கியிருக்கார், அவ சாப்பாடு போடுறா. இதுல என்ன?" என்றான் ஓரின்.

"கழுத்துப்பட்டி?"

"கழுத்துக்குத்தான் போட்டிருக்கா."

அவனிடம் பேசிப் பயனில்லை. கெட்டது நடக்கும்வரை எல்லாரும் நல்லவர்கள் என்று நினைக்கிற ஜாதி அவன்.

பென்ரோஸ் மார்பெரிக்குக் கிளம்பிப் போன மூன்றாம் நாள், துணி அலசிக்கொண்டிருக்கும்போது இரண்டு நீளம், ஒரு குட்டை. கையைத் துடைத்து, பெண்டுலத்தை நிறுத்தி, காதில் வைப்பதற்குள் பேச்சு பாதி நடந்துவிட்டது.

"அந்த ஓரின் படத்தை மட்டும் போட்டுடாதீங்க," என்று ஹல்டா சொல்லிக்கொண்டிருந்தாள். "நான் சொல்றதக் கேளுங்க. அது வேணாம்."

"எனக்கு என்னமோ அதுதான் நல்லா வந்திருக்கு, மிசஸ் கிரெப்ஸ்," என்றார் பென்ரோஸ்.

"நல்லா வந்தா நீங்களே வெச்சுக்குங்க. பத்திரிகையில வரக் கூடாது. நான் அன்னிக்குச் சொன்னேனே, அத வரையுங்க. அப்புறம் இன்னொண்ணு. இடெல்லாவுக்கு இது தெரிய வேணாம்."

அந்த நேரம் பார்த்து ஓரின் பூட்ஸைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்தான். போனை மாட்டிவிட்டேன். மிச்சத்தைக் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்றும் நினைத்தேன்.

பதினெட்டு வருஷம். அவள் உதவிக்கு நான் எத்தனை முறை போயிருக்கிறேன் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அவள் என் உதவிக்கு வந்தது எதுவும் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. நினைத்துக்கொண்டே போனதில் டைபாய்டு வந்து நின்றது. இரண்டு வருஷத்துக்கு முன், கதிரடிக்கும் இயந்திரத்தோடு வந்த ஸ்வீடன்காரப் பையன் ஒருவன் ஹல்டாவின் மாடியில் காய்ச்சலில் விழுந்தான். பதினோரு நாள் நானும் அவளும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். பிழைத்துவிட்டான், இன்றைக்கும் கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு அட்டை அனுப்புகிறான். டைபாய்டு என்று வெளியே தெரிந்தால் சாப்பாட்டுக் கடையில் யாரும் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள் என்று டாக்டர் வாயை மூடிக்கொண்டார். அவன் படுத்த மெத்தையை நானும் ஹல்டாவும் சோளக்காட்டுக்குப் பின்னால் இழுத்துப்போய் எரித்தோம். திரும்பி வரும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வேறு யாருக்கும் காய்ச்சல் வரவில்லை.

ஹாலிஸ்டர் கம்பெனிக்கு இடது கையால் எழுதினேன். டாரோவில் உள்ள சாப்பாட்டுக் கடையில் டைபாய்டு நோயாளி இருந்தான் என்றும், அவன் மெத்தையைக் காட்டுக்குப் பின்னால் எரித்தார்கள் என்றும், இதை மறைத்து அந்தக் கடையின் படத்தை விளம்பரத்தில் போட ஏற்பாடு நடக்கிறது என்றும். எப்போது என்று எழுதவில்லை. பிழைத்தான் என்றும் எழுதவில்லை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கீழே 'நலம் விரும்பி' என்று போட்டேன். ஊர்த் தபால் ஏமஸின் கடையில்தான் என்பதால், மார்பெரிக்கு முட்டை கொண்டுபோன நாளில் அங்கே பெட்டியில் போட்டேன். போட்டதும் பயமாக இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், பயத்தில் ஒரு தித்திப்பும் இருந்தது. அன்று மாலை ஹல்டா கொடுத்தனுப்பிய கேக்கை நான் தின்றேன்.

அந்தக் கோடை முழுக்க ஹல்டா என்னைப் பார்த்தபோதெல்லாம் எதையோ மறைத்துக்கொண்டு சிரித்தாள். "செப்டம்பர் வரட்டும்டி, செப்டம்பர் வரட்டும்," என்பாள், பானையைத் துடைத்தபடி. வரட்டும், உன் சிரிப்பு எங்கே போகிறது பார்க்கிறேன் என்று நானும் மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

செப்டம்பர் வந்தது. பத்திரிகைக் கட்டை ஏமஸ் கடை மேசையில் எல்லோர் முன்னாலும் பிரித்தார். நடுப்பக்கம் விரிந்தது. அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. மீன் சுருட்டுப் பிடித்தது, மாடு பத்திரிகை படித்தது. ஆற்றிலிருந்து ஒரு மஞ்சள் சாலை நெளிந்து நெளிந்து தெற்கே இறங்கி, கெல்சியில் ஒரு பன்றிக்குட்டி தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்கிற படத்தைத் தொட்டு, மார்பெரிக்குப் போனது. பன்றிக்குப் பின்னால் குட்டியாக ஒரு பெட்ரோல் பம்ப்.

வடக்கே அந்தப் பச்சைக் கார் உட்கார்ந்திருந்தது. எங்கள் வயல், எங்கள் பள்ளம், எங்கள் தெரு எல்லாவற்றின் மேலும். ஏமஸ் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து தேடினார். காருக்குக் கீழே ஊர்ப் பெயர்கூட இல்லை.

"பின் சக்கரத்துக்கு அடியில இருக்கோம்," என்றார் கடைசியில்.

ஓரின் கண்ணாடியை வாங்கி நீண்ட நேரம் குனிந்து பார்த்தான். "டயர் நல்லா வரைஞ்சிருக்கான்," என்றான். "காத்து சரியா இருக்கு." கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு கராஜுக்கு நடந்தான். நான் ஹல்டாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. நான் காத்திருந்தது அதற்குத்தான். ஆனால் அவள் தன் கடையைத் தேடவில்லை. கதவு வழியாகப் போகிற ஓரினின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எனக்குப் புரியவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் கார்கள் வந்தன. வானம் தெளிவாக இருக்கும் நாளில் தெற்கே கெல்சிச் சாலையில் தூசி எழும்புவது எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து தெரியும். ஓரின் தினமும் காலையில் பம்பைத் துடைத்து எண்ணெய் போட்டான். அக்டோபர் நடுவில் எண்ணெய் போடுவதை நிறுத்திவிட்டான். மார்பெரியில் ஒரு கலப்பைக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான். அந்த வருஷம் சோப்பு காய்ச்சுவதற்கு ஹல்டா கொப்பரையை எடுத்து வெளியே வைத்தாள். எனக்கு இடுப்பு வலி என்று சொல்லிவிட்டேன்.

கடைசி வாரம், ஒரு வியாழக்கிழமை மதியம், இரண்டு நீளம், ஒரு குட்டை. பழக்கம் யாரை விட்டது. பெண்டுலத்தைப் பிடித்து நிறுத்தினேன். காதில் வைத்தேன். ஒவ்வொருவராக வந்தார்கள். குருவி கத்தியது. பாதிரியார் வீட்டில் மூக்கு உறிஞ்சும் சத்தம். இன்னும் இரண்டு 'க்ளிக்'. ஆனால் பேசுகிறவர் யாருமில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"எல்லாரும் வந்தாச்சா?" என்றாள் ஹல்டா. "யாரும் கூப்பிடல. போன் பெட்டிக் கைப்பிடியச் சுத்தி என் மணிய நானேதான் அடிச்சேன்."

குருவி மறுபடி கத்தியது.

"பென்ரோஸ்கிட்டேர்ந்து ஒரு பார்சல் வந்திருக்கு. எப்படியும் ஏமஸ் தடவிப் பாத்திருப்பாரு. வீடு வீடாச் சொல்லிட்டு இருக்க முடியாது, அதான் ஒரேயடியாச் சொல்லிடறேன். அவர் நம்ம ஊருக்கு ஒரு படம் வரைஞ்சிருந்தார். கம்பெனிக்காரன் அத எடுத்துட்டுக் காரை வெச்சுட்டான். ஊர்ல டைபாய்டுன்னு யாரோ எழுதிப் போட்டிருக்காங்க. படத்த இடெல்லா வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். அவ்வளவுதான். எல்லாரும் போய் வேலையப் பாருங்க."

போனை மாட்டிவிட்டு அப்படியே நின்றேன். அவள் தெருவைக் கடந்து வருவது ஜன்னலில் தெரிந்தது. நாற்பது அடி தூரம். ஓடிப்போய் எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது. வழக்கம்போலக் கதவைத் தட்டாமல் வந்தாள். கையில் மாவு. கடித உறையையும் ஓர் அட்டையையும் மேசையில் வைத்தாள்.

அட்டையில் என் வீடு இருந்தது. கராஜ், திறந்த கதவு, தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு நிற்கிற ஓரின். முன்னால் சிவப்பு பம்ப். பம்பின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு, சமையல் ஏப்ரன் கட்டி, யாரையும் நம்பாத முகத்தோடு ஒரு பெண். நான்தான். கீழே குட்டி எழுத்தில் 'டாரோ: இங்கே நில்லுங்கள்'. மொத்தமும் ஒரு கட்டைவிரலுக்குள் அடங்கியது.

"முதல்ல வேற வரைஞ்சிருந்தார்," என்றாள் ஹல்டா. "ஓரின் சேத்துல நின்னு கோவேறு கழுதைய வெச்சுக் காரை இழுக்கற மாதிரி. தத்ரூபமா இருந்துச்சு. ஆனா கழுதைய வெச்சு இழுக்கற கராஜுல எவன் வந்து பெட்ரோல் போடுவான்? அதான் அத போடாதீங்க, இடெல்லாவ பம்ப் பக்கத்துல வரையுங்கன்னு போன்ல கெஞ்சினேன். உனக்குத் தெரியாம இருக்கட்டும், பத்திரிகையில திடீர்னு பாக்கட்டும்னு நெனச்சேன்."

"உன் கடை?"

"என் கோழி வாசனை ஒரு மைலுக்குப் போகும். எனக்கெதுக்குப் படம்?"

தன் மூக்கை அறுத்துக்கொண்டு எதிரிக்குச் சகுனத்தடை செய்தவளைப் பற்றிச் சொல்வார்கள். எனக்கு எதிரிகூட இல்லை. எதிரே பதினெட்டு வருஷமாக என் சமையலறைக்குள் தட்டாமல் வருகிற ஒருத்திதான் இருந்தாள். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

ஹல்டா கடிதத்தைப் பிரித்து ஒரு வரியை விரலால் காட்டினாள். அவளுக்குப் படிக்க நேரமாகும். நிறுத்தி நிறுத்திப் படித்தாள். "'நோயாளியின் மெத்தையைக் காட்டுக்குப் பின்னால் எரித்தார்கள் என்றும் அந்தக் கடிதத்தில் இருந்ததாம்.'" தாளை மடித்தாள். "மெத்தைய எரிச்சது யாருக்குத் தெரியும்னு நேத்து ராத்திரி பூரா யோசிச்சேன்."

"டாக்டர்," என்றேன்.

"அவர் போய் ஒரு வருஷமாச்சு."

"புகை தெரிஞ்சிருக்கும். ஏமஸ் பாத்திருப்பாரு. அவருக்கு எதைப் பாத்தாலும் சந்தேகம்தானே."

அந்தச் சொற்கள் என் வாயிலிருந்துதான் வந்தன. திறந்த வாயில் உண்மை வராமல் ஏமஸ் வந்தார்.

"இருக்கும்," என்றாள் ஹல்டா.

கராஜில் ஓரின் எதையோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தான். அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. சமையலறையில் இவ்வளவு தெளிவாக அது எனக்கு என்றைக்கும் கேட்டதில்லை. ஏன் என்று எனக்குப் புரிந்த அதே நேரத்தில் ஹல்டாவும் தலையைத் தூக்கினாள்.

சுவரில் கடிகாரத்தின் கண்ணாடிக் கதவு திறந்தபடி இருந்தது. முள் இரண்டே காலில் நின்றிருந்தது. அவள் தன் மணியைத் தானே அடித்த நேரம் அது. பென்ரோஸிடம் அவள் போனில் பேசிய நாளிலும் அது இப்படித்தான் நின்றது. பெண்டுலம் அசையாமல் தொங்கியது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. எழுந்து போனாள். குனிந்து, மாவு படிந்த ஆள்காட்டி விரலால் பெண்டுலத்தை மெதுவாக ஒரு பக்கம் தள்ளி விட்டுவிட்டாள். கண்ணாடிக் கதவைச் சாத்தி, கொக்கி போட்டாள். கடிதத்தை எடுத்துக்கொண்டாள். படத்தை மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே போய், இத்தனை வருஷத்தில் முதல் முறையாகக் கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினாள்.

கராஜில் தட்டுகிற சத்தம் நின்றது. ஓரினின் பூட்ஸ் படியேறி வந்துகொண்டிருந்தது. மேசையில் அவனும் நானும் பம்பும் இருந்தோம். நான் நின்ற இடத்திலேயே நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பித்தளைத் தட்டின் நடுவில் வெள்ளையாக ஒரு விரல் ரேகை, இந்தப் பக்கம் வந்து, அந்தப் பக்கம் போய், மறுபடி இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது.